கரண்டு எங்கிட்டுப் போடணும்? வீட்டுக்குள் ஓட்டும் சைக்கிள் வாங்கப் போகிறவர்களுக்கு

எங்கள் வீட்டுக்கு எக்சர்சைஸ் சைக்கிள் வந்து இறங்கிய அன்று, பக்கத்து வீட்டுப் பெரியம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து அடிப்பக்கமும் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏம்ப்பா, இதுக்குக் கரண்டு எங்கிட்டுப் போடணும்?"

"கரண்டே வேணாம் பெரியம்மா. மிதிச்சாப் போதும்."

"அப்பறம் இந்தத் திருகக் கூட்டுனா மிதி எப்புடிக் கனக்குது?"

கடையில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நான் கேட்டதோ, கலோரி காட்டுமா, போனோடு இணையுமா, தவணையில் கிடைக்குமா என்பதுதான். இத்தனைக்கும் இது எங்கள் வீட்டுக்கு இரண்டாவது சைக்கிள். ராமேசுவரத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள மண்டபம் என்ற ஊரில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறோம். முதல் சைக்கிள் எட்டு மாதம் மிதிபட்டது. அடுத்த ஆறு மாதம் ஈரத்துண்டு காயப்போடப் பயன்பட்டது. அப்புறம் பழைய இரும்புக்காரரின் தராசில் ஏறியது. அதை வாங்கும் முன்பே பெரியம்மா இப்படிக் கேட்டிருந்தால் அந்தத் தராசு வரை போயிருக்காது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மிதி ஏன் கனக்கிறது

ரோட்டில் ஓட்டும் சைக்கிளுக்குத் தடையை யாரும் செய்து தர வேண்டியதில்லை. கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் மண்டபத்திலிருந்து உச்சிப்புளிப் பக்கம் மிதித்துப் பாருங்கள். எதிர்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். பாம்பன் ரோட்டுப் பாலத்தின் ஏற்றம் தொடையைப் பிடிக்கும். டயர் தார் ரோட்டோடு உரசுவது வேறு. வீட்டுக்குள் நிற்கும் சைக்கிளுக்குக் காற்றும் இல்லை, ஏற்றமும் இல்லை, ரோடும் இல்லை. சும்மா விட்டால் மிதி வெண்ணெயாகச் சுற்றும், உடம்புக்கு ஒரு வேலையும் இருக்காது. எனவே உள்ளே ஒரு சக்கரத்தை வைத்து, அந்தச் சக்கரத்தைத் தடுக்க ஏதோ ஒன்றையும் வைக்கிறார்கள். எக்சர்சைஸ் சைக்கிள் என்பது இவ்வளவுதான். விலையில், சத்தத்தில், ஆயுளில் வரும் வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்தத் 'தடுக்கும் ஏதோ ஒன்று' எது என்பதில் இருக்கிறது.

பழைய வழி உரசல். சக்கரத்தின் விளிம்பில் ஒரு கம்பளித் துண்டையோ தோல் துண்டையோ அழுத்துவார்கள். திருகை முறுக்கினால் இன்னும் அழுத்தும். மாட்டுவண்டிச் சக்கரத்தில் கட்டை வைத்து இழுப்பது போலத்தான். விலை குறைவு, எவ்வளவு வேண்டுமானாலும் கனம் ஏற்றலாம். ஆனால் உரசுவது தேயும், சூடாகும், பஞ்சு உதிரும், கொஞ்ச நாளில் கிறீச்சிடும். எங்கள் முதல் சைக்கிள் இந்த இனம். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் சக்கர விளிம்பில் மஞ்சளாகத் துரு பூத்திருக்கும். அதன்மேல் கம்பளி உரசும்போது துரு அரைத்தாள் போல வேலை செய்தது. மூன்று துண்டு மாற்றினேன். நான்காவது வாங்க மனம் வரவில்லை.

இரண்டாவது வழி காந்தம். இங்கேதான் பெரியம்மாவின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. வீட்டில் பழைய கரண்டு மீட்டர் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக்குள் ஓர் அலுமினியத் தட்டு மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டு தறிகெட்டு ஓடாமல் பிடித்துவைப்பது பக்கத்தில் இருக்கும் ஒரு காந்தம். அது தட்டைத் தொடுவதே இல்லை. காந்தத்தின் அருகே ஓர் உலோகம் ஓடினால் அந்த உலோகத்துக்குள்ளேயே சின்னச் சின்னச் சுழல்களாக மின்சாரம் பிறக்கும். பிறந்த மின்சாரம் தானும் ஒரு காந்தம் போல நடந்துகொண்டு, ஓட்டத்தை எதிர்த்து இழுக்கும். பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோ 1855-இல் கண்ட விஷயம் இது. காந்த சைக்கிளில் திருகைக் கூட்டும்போது ஒரு கம்பி, காந்தங்களைச் சக்கரத்துக்குக் கிட்டத்தில் நகர்த்துகிறது. நெருங்க நெருங்க இழுப்பு கூடும், மிதி கனக்கும். ஆக, கரண்டு வெளியிலிருந்து போட வேண்டியதில்லை. நம் காலால் உள்ளேயே பிறக்கிறது.

இதைக் கேட்டதும் பெரியம்மா, "அப்ப அந்தக் கரண்டுல ஒரு லைட்டு எரிக்கலாம்ல?" என்றார். எரியாது. அவ்வளவும் சக்கரத்திலேயே சூடாகிப் போய்விடுகிறது.

தொடாமல் தடுப்பதால் காந்த வகையில் உரசித் தேய எதுவும் இல்லை, சத்தமும் அநேகமாக இல்லை. விடியற்காலை 5 மணிக்கு மிதித்தாலும் பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்கலாம். முதன்முறை வாங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு இதுதான், கையால் திருகும் காந்த வகை. பெரும்பாலும் 1 முதல் 8 வரை எண் போட்டிருப்பார்கள். ஒரு கம்பெனியின் 5 இன்னொரு கம்பெனியின் 3-ஆக இருக்கலாம், எண்ணுக்குப் பொது அளவு கிடையாது.

இதற்கு மேல்படியாக மின்காந்த வகை ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தினால் தடை தானாக மாறும், திரையில் மலையும் காடும் ஓடும். நல்ல சாமான்தான். ஆனால் பலவற்றுக்கு பிளக் பாயிண்ட் வேண்டும், உள்ளே சர்க்யூட் போர்டு இருக்கும். உப்புக்காற்றில் செம்பு முனைகள் பச்சை பூத்துப்போவதை இந்தக் கரையில் டிவி ரிப்பேர் செய்கிறவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். கரண்டு போகிற நேரத்தில் கனத்தை மாற்றவும் முடியாது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நான் இதை வாங்க மாட்டேன்.

காற்று விசிறி வகை மூன்றாவது. முன்னால் பெரிய விசிறி, மிதித்தால் அது காற்றைத் தள்ளும். இதில் திருகே தேவையில்லை, வேகம்தான் தடை. வேகத்தை இரட்டித்தால் நீங்கள் கொடுக்க வேண்டிய சக்தி எட்டு மடங்காகும், அதனால் விளையாட்டு வீரர்களுக்குப் பிடிக்கும். சத்தம் கொஞ்சநஞ்சமல்ல. நம் பக்கத்து விளம்பரங்களில் 'ஏர் பைக்' என்று வரும் சில வண்டிகளில் விசிறியே இருக்காது. சக்கரத்தைச் சுற்றி ஒரு பட்டையை இறுக்கி, கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். பெயரைப் பார்க்காமல் சக்கரத்தைப் பாருங்கள்.

தையல் மெஷினும் கனமான சக்கரமும்

கடைக்காரர்கள் அடுத்தபடியாக ஃபிளைவீல், அதாவது உள்ளே சுற்றும் அந்தச் சக்கரம், எத்தனை கிலோ என்று சொல்வார்கள். காலால் மிதிக்கும் தையல் மெஷின் ஓட்டியவர்களுக்கு இது உடனே பிடிபடும். கீழே இருக்கும் அந்த இரும்புச் சக்கரம் ஒருமுறை ஓட்டம் எடுத்துவிட்டால், கால் கொஞ்சம் தயங்கினாலும் தையல் நிற்காது. சைக்கிள் மிதியிலும் கால் மேலேயும் கீழேயும் நேராக நிற்கும் இரண்டு இடங்களில் நம்மால் தள்ள முடியாது. அந்த நேரத்தைச் சக்கரத்தின் ஓட்டம் கடத்திவிடும். சக்கரம் லேசாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வெட்டி வெட்டி இழுக்கும், முழங்கால் அதைச் சொல்லிவிடும்.

அதற்காகக் கிலோவுக்குப் பின்னால் ஓட வேண்டாம். ஓடும் சக்கரத்தில் சேரும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், அதாவது வேகம் இரட்டித்தால் ஆற்றல் நாலு மடங்கு. 6 கிலோ சக்கரத்தை இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றவிட்டால், அதே அளவுள்ள 24 கிலோ சக்கரம் பழைய வேகத்தில் வைத்திருக்கும் ஆற்றல் கிடைத்துவிடும். பெல்ட்டும் புல்லியும் போட்டு இதைத்தான் செய்கிறார்கள். கனம் விளிம்பில் இருக்கிறதா நடுவில் இருக்கிறதா என்பதும் கணக்கில் சேரும். ஆகவே உட்கார்ந்து, நடுத்தரக் கனத்தில் வைத்து, மெதுவாக மிதித்துப் பாருங்கள். வெட்டாமல் ஓடினால் சரி.

'ஸ்பின் பைக்' எனப்படும், முன்னால் குனிந்து ஓட்டும் வகையில் 10 கிலோவுக்கு மேற்பட்ட சக்கரம் இருப்பது சாதாரணம். அதில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ரோட்டு சைக்கிளில் காலை நிறுத்தினால் மிதி நிற்கும், சக்கரம் மட்டும் ஓடும். பெரும்பாலான ஸ்பின் பைக்கில் அப்படி இல்லை. சக்கரம் ஓடும்வரை மிதியும் சுற்றிக்கொண்டே இருக்கும். திடீரென்று காலை நிறுத்தினால் முழங்காலைப் பிடுங்கும். திருகை அழுத்தி பிரேக் போட்டு நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில், ஓடும் சக்கரத்தில் விரல் விடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். மூடிய சக்கரம் உள்ள வண்டி என்றால் அந்தக் கவலை பாதியாகும்.

மிதியிலிருந்து சக்கரத்துக்கு ஓட்டத்தைக் கொண்டுபோவது செயினா பெல்ட்டா என்றால், இந்தக் கரையில் பெல்ட்தான். பெல்ட்டுக்கு எண்ணெய் வேண்டாம், துரு இல்லை, சத்தம் இல்லை. செயின் எங்கே போய் முடியும் என்பது தெரிந்த கதை.

அடுப்படி உப்புச் சாடி சொல்வது

கோவை போன்ற உள்நாட்டு ஊர்களில் இருந்து எழுதும் வாங்கும் குறிப்புகளில் நமக்கு உதவாத இடம் இது. அங்கே துரு என்பது நாலாவது, ஐந்தாவது விஷயம். இங்கே அதுதான் முதல்.

துரு ஆராய்ச்சிக்குப் பெயர்போன காரைக்குடி சிக்ரி நிறுவனம், உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்து எவ்வளவு வேகத்தில் அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தைத்தான் ஓர் இடமாக வைத்திருந்தது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு வாழ்நாள் முழுக்கப் பெயிண்டுதான் மருந்து. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் என்ற துருத்தடுப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். பாலத்துக்கே அந்தப் பாடு என்றால், நம் சைக்கிளின் போல்ட் எம்மாத்திரம்?

உப்பு இரும்பை எப்படித் தின்கிறது என்பதை அடுப்படியிலேயே பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் உப்புச் சாடி நசநசத்துப் போகிறதல்லவா? காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் காற்று கொண்டுவந்து போடும் உப்பு, கண்ணுக்குத் தெரியாத படலமாக வீட்டில் உள்ள எல்லா இரும்பின் மேலும் உட்காருகிறது. மழையே பெய்யாவிட்டாலும், காற்று ஈரமான இரவில் அந்தப் படலம் உப்புநீராகிவிடும். அதாவது சாடியில் உப்பு ஈரமாக இருக்கிற அன்று உங்கள் சைக்கிள் போல்ட்டும் ஈரமாகத்தான் இருக்கிறது. பார்த்தால் காய்ந்தது போலத் தெரியும். போதாததற்கு மேலேயிருந்து நாம் வேறு வியர்வையைச் சொட்டுகிறோம்.

எனவே கடையில் வண்டியைப் பார்க்கும்போது பளபளப்பில் மயங்க வேண்டாம். குரோம் முலாம் பார்க்க அழகு, ஆனால் மெல்லியது. அதில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் போதும், அடியில் உள்ள இரும்பு பொருக்குப் பொருக்காகக் கிளம்பும். பவுடர் கோட்டிங் எனப்படும் கனத்த பெயிண்ட் இதைவிடத் தாங்கும். ஆனால் அதன் பலவீனம் எங்கே என்று தெரிந்து பார்க்க வேண்டும். வெல்டு வைத்த மூலை, குழாயை அறுத்த முனை, சீட் உயரத்தை மாற்றக் குடைந்த ஓட்டைகள், போல்ட் தலைகள் ஆகியவைதான் அந்த இடங்கள். குழாயின் வெட்டுமுனையைப் பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்திருக்கிறார்களா பாருங்கள். திறந்திருந்தால் உள்பக்கத்திலிருந்து அரிக்கும், வெளியே தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

'ஸ்டெயின்லெஸ் சார், காந்தம் ஒட்டாது பாருங்க' என்று கடையில் காட்டினால் ஒரு சிரிப்போடு விட்டுவிடுங்கள். ஸ்டெயின்லெஸ்ஸில் 202 என்ற ரகத்திலும் காந்தம் ஒட்டாது, ஆனால் அது கடலோரத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். 304 பரவாயில்லை, 316 நன்றாகத் தாங்கும். வீட்டு சைக்கிளில் 316 போட்டு யாரும் தரப்போவதில்லை. வாங்கிய பிறகு வெளியே தெரியும் நாலைந்து போல்ட்டை மட்டும் படகுச் சாமான் கடையில் நல்ல ரகமாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன். வாரண்டி அட்டையையும் வாசித்துவிடுங்கள். துருவுக்கு வாரண்டி இல்லை என்ற வரி பெரும்பாலும் சின்ன எழுத்தில் இருக்கும்.

பூட்டும்போதே எல்லா மரைகளிலும் சீட் குழாயிலும் கிரீஸ் தடவிவிடுங்கள். இது பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஒரு வருடம் கழித்து சீட்டை உயர்த்தப் பார்த்தால் குழாய் குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசின் போலாகித் தூசியைப் பிடித்துவைக்கும்.

துடைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஆனால் எந்தத் தண்ணீரில் நனைத்த துணி? எங்கள் வீட்டு போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் நனைத்துத் துடைத்தால் உப்பை எடுத்துவிட்டு உப்பைப் பூசுவதுதான். அரை டம்ளர் குடிதண்ணீர் போதும். காவிரித் தண்ணீர் வருகிற அன்று இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

வைக்கும் இடம் உள்ளறையாக இருக்கட்டும். கடல் பார்த்த ஜன்னலோரம் மிதிப்பது சுகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காற்று நேராக வந்து அடிக்கும் இடத்தில் வைத்த முதல் வண்டிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிட்டேன். திண்ணையும் மொட்டைமாடிக் கொட்டகையும் கூடவே கூடாது. பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், உள்ளே ஈரம் புழுங்கும். பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தினால் போதும்.

உடம்புக்கு ஏற்ற வண்டி

வண்டி நன்றாக இருந்து, உட்காருகிறவருக்குப் பொருந்தாவிட்டால் முழங்காலும் இடுப்பும் போகும். சீட் உயரம் பார்க்க எளிய வழி இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டில் உட்கார்ந்து, மிதி அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். இடுப்பு ஒருபக்கம் சாயக் கூடாது. பிறகு மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரியான உயரம். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். அளவுக்கு மேல் உயர்ந்திருந்தால் இடுப்பு ஆடும், முழங்காலின் பின்பக்கம் இழுக்கும். மிதிக்க ஆரம்பித்து ஒரே வாரத்தில் 'சைக்கிள் ஓட்டினால் முட்டி வலி' என்று விட்டுவிடுகிறவர்களில் பலருக்குச் சீட் தாழ்ந்திருக்கும்.

பெரிய வண்டிகளில் நாம் கவனிக்க மறக்கும் ஒன்று, சீட்டை எவ்வளவு தாழ்த்த முடியும் என்பது. ஐந்தடி உயரமுள்ள அம்மாவுக்குச் சில ஸ்பின் பைக்கின் கடைசி ஓட்டையும் உயரம்தான். வீட்டில் மூன்று பேர் ஓட்டப் போகிறீர்கள் என்றால் மூன்று பேரையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். எடை வரம்பு பார்க்கும்போது, ஓட்டுகிறவரில் அதிக எடை உள்ளவருக்கு மேல் 20 கிலோவாவது கூடுதலாக இருக்கட்டும். ஏறி நின்று இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். கடையிலேயே கிடுகிடுத்தால் வீட்டில் கேட்கவே வேண்டாம்.

நிமிர்ந்து உட்காரும் சாதாரண வகைதான் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். இடம் கம்மியென்றால் 'எக்ஸ்' போல மடங்கும் வகை கதவுக்குப் பின்னால் நிற்கும், ஆனால் லேசானது. எடை கூடினவர்களுக்கும் வேகமாக மிதிப்பவர்களுக்கும் ஆகாது. முதுகுக்குச் சாய்மானம் வைத்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் வகை ஒன்று இருக்கிறது. இடம் நிறையப் பிடிக்கும், இடுப்பு வலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது ஒரு வரம். சேலை கட்டுகிறவர்களுக்கும் அதுதான் சௌகரியம். நடுவில் குழாய் தாழ்வாக இருப்பதால் காலைத் தூக்கித் தாண்ட வேண்டாம். எந்த வகையானாலும் சேலை, தாவணி, பர்தா போட்டு ஓட்டுகிறவர்கள் வீட்டில் சக்கரமும் பெல்ட்டும் முழுக்க மூடியிருக்க வேண்டும். முந்தானை ஒருமுறை சிக்கினால் போதும்.

எங்கள் முதல் வண்டி கெட்டதில் கடலுக்குப் பாதிப் பங்கு என்றால் எனக்கு மீதிப் பங்கு. பெட்டியைப் பிரித்து நானே பூட்டினேன். வலது மிதி சுலபமாக ஏறியது. இடது மிதி ஏற மறுத்தது. ஸ்பேனரைப் போட்டு முறுக்கி ஏற்றினேன், ஏறியது, மிதியைத் தாங்கும் கிராங்க் கையின் மரையைத் தின்றுவிட்டு ஏறியது. இடது மிதியின் மரை எப்போதும் எதிர்ப்பக்கம், வலமிருந்து இடமாகத் திருகினால்தான் இறுகும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. ரோட்டு சைக்கிளிலும் அப்படித்தான். சைக்கிள் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒரு போன் பண்ணிருந்தா நானே வந்து பூட்டிருப்பேன்ல" என்றார். இரண்டாவது வண்டியை அவர்தான் பூட்டினார். மிதிகளில் பொறித்திருக்கும் 'எல்' இடது, 'ஆர்' வலது. இரண்டு விரலால் நாலைந்து சுற்று லேசாக ஏறிய பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். முதல் வாரம் முடிந்ததும் எல்லா நட்டையும் இன்னொருமுறை முடுக்கிவிடுங்கள்.

அந்தக் கடைக்காரரிடமிருந்து கற்ற இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாங்கும் முன், உள்ளே என்ன பேரிங், மிதியின் மரை என்ன அளவு என்று கேளுங்கள். சீலிங் ஃபேனுக்குப் போடும் 6202 போன்ற சாதாரண எண் என்றால் ராமநாதபுரத்திலேயே கிடைக்கும். தனி அளவு என்றால் மதுரைக்கோ அதற்கு அப்பாலோ ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் சீட் குழாயை முழுக்க உருவி எடுத்துப் பாருங்கள். அது வெளியே வராவிட்டால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை, அப்படியே வந்துவிடலாம். நன்றாக இருந்தால் பழையது வாங்குவதில் தப்பே இல்லை. பாதி வண்டிகள் பொங்கலுக்கு வாங்கி மாசியிலேயே நிறுத்தியவைதான்.

எவ்வளவு நேரம்

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்குப்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். ஒரு நாளைக்கு அரை மணி, வாரம் ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளலாம். மிதமா என்று பார்க்க இயந்திரம் தேவையில்லை. மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. முதல் வாரம் பத்து நிமிடம் போதும். வீட்டுக்குள் எதிர்காற்று இல்லாததால் வியர்வை காயாது, உடம்பு சீக்கிரம் சூடாகும், ஃபேனை முகத்துக்கு நேரே வையுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் நெஞ்சுப் பிரச்சினை உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். சாப்பிடாமல் மிதித்தால் சர்க்கரை சட்டென இறங்கலாம். உட்கார்ந்தே மிதிப்பதால் உடம்பின் எடை எலும்பில் இறங்காது, ஆகவே நடப்பதை முழுக்க விட்டுவிட வேண்டாம்.

கடைசியாக அந்தச் சின்னத் திரை. நேரம் காட்டுவது உண்மை. மற்றதெல்லாம் ஊகம். சாதாரண வண்டியில் அந்தப் பெட்டிக்குத் தெரிவது மிதி எத்தனை முறை சுற்றியது என்பது மட்டும். அதை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிக் கிலோமீட்டர் என்கிறது, இன்னோர் எண்ணால் பெருக்கிக் கலோரி என்கிறது. சோதித்துப் பாருங்கள். திருகை 1-இல் வைத்து ஐந்து நிமிடம், 8-இல் வைத்து அதே வேகத்தில் ஐந்து நிமிடம். காலுக்கு எவ்வளவோ வித்தியாசம் தெரியும், பெட்டி இரண்டுக்கும் ஒரே கலோரியைக் காட்டும். நேற்றைய உங்களோடு இன்றைய உங்களை ஒப்பிட அது உதவும், அவ்வளவே. மாதக்கணக்கில் ஓட்டாமல் விட்டால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், உள்ளே கசிந்து முனையை அரித்துவிடும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் பெரியம்மா போன மாதம் தனக்கும் ஒன்று வாங்கினார். சாய்ந்து மிதிக்கும் காந்த வகை, பெல்ட், மூடிய சக்கரம். அரிசி மூட்டை இருந்த உள்ளறையில் வைத்திருக்கிறார். மூட்டை திண்ணைக்கு வந்துவிட்டது. திரை பொய் சொல்லும் என்று நான் சொன்னதை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

"பாலம் எத்தன கிலோமீட்டருப்பா?"

"ரோட்டுப் பாலமா? ரெண்டேகால், ரெண்டரைக்குள்ள இருக்கும் பெரியம்மா."

"அப்ப இன்னைக்குப் பாம்பன்ல எறங்கிட்டேன். நாளைக்குத் தங்கச்சிமடம் போயி மல்லிகச் செடி வாங்கிட்டு வந்துர்றேன்."